நாற்பத்து மூன்று படங்களும் ஒரு யானைத் தந்தமும்

இருபது வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யை, கிள்ளானில் ஒரு கடை மேசைமேல் கிடந்த கைபேசி என் முகத்துக்கு நேராக நாற்பத்து மூன்று தடவை திருப்பிச் சொன்னது. சொன்னது ஒரு பெண் குரல். கோபமில்லை, கிண்டலில்லை, விமான நிலையத்தில் அறிவிப்பது போன்ற ஒரு நிதானம். "பெஸ்ட் இந்தியன் வெட்டிங் மணவறை கிளாங் சீப் சீப். படம்." விரலை நகர்த்தினால் மறுபடியும் அதே வரி, அதே நிதானம். "படம்" என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னது போல எனக்குப் பட்டது. குற்றமுள்ளவனுக்கு அப்படித்தான் கேட்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா விரலை எடுத்தார்.

"கேட்டீங்களா தம்பி? காலையிலேர்ந்து இதேதான் சொல்லுது. போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

போன் கெட்டுப்போகவில்லை. அக்காவின் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் நான். அதில் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கென்று, அது என்ன படம் என ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்த வயதில் எனக்குப் படத்தைப் பார்க்க முடியாதவர்கள் நினைவுக்கு வரவில்லை. தேடுபொறியை ஏமாற்றினால் கடை முதல் பக்கத்தில் வரும் என்று எவனோ சொன்னதை நம்பி, எல்லாப் படத்துக்கும் ஒரே வரியை ஒட்டிவிட்டேன். "சீப்" இரண்டு தடவை வருவது என் சொந்த யோசனை.

அக்காவும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவரும் கல்யாண மணவறை வாடகைக்கு விடுகிறவர்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் அந்த ஜோடனை, தூண், வளைவு, மயில், யானை சகிதம் லோரியில் ஏறிப் போகும். தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைந்ததும் லோரியில் திரும்பி வரும். லோரி, ஏணி, ஆணி, சுத்தியல் எல்லாம் அண்ணன் இலாகா. எந்தத் தேதியில் எந்த மணவறை எந்த மண்டபத்துக்கு என்பது அக்கா இலாகா. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

அவர்களுக்கு நான் செய்து கொடுத்த இணையதளம் அந்தக் காலத்தில் கிள்ளான் வட்டாரத்தில் பேசப்பட்டது. முகப்பில் ஆடும் குத்துவிளக்கு. திறந்தவுடன் நாதஸ்வரம். அலுவலகத்தில் திருட்டுத்தனமாகத் திறந்தவர்கள் பலர் அதனால் மாட்டிக்கொண்டார்கள். மேலே "வருக வருக" என்று ஓர் எழுத்து வரிசை வலமிருந்து இடமாக ஓடும். அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கீழே என் பெயர், மின்னி மின்னி மறையும்.

தமிழில்தான் சிக்கல் இருந்தது. அப்போதெல்லாம் இணையத்தில் தமிழ் எழுதினால், எழுதியவனிடம் இருக்கும் எழுத்துரு வாசிப்பவனிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் மை தொட்ட எறும்பு ஊர்ந்தது போல ஏதோ தெரியும். ஆகவே தமிழர்களாகிய நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். தமிழை எழுதி, அதைப் படமாக்கி, அந்தப் படத்தைத் தளத்தில் மாட்டினோம். "வணக்கம்" ஒரு படம். முகவரி ஒரு படம். "எங்களைப் பற்றி" ஒரு படம். பிறகு காலம் மாறி, எல்லாக் கைபேசியிலும் தமிழ் தானாகவே தெரிய ஆரம்பித்தது. மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. வேலை செய்வதை எதற்குத் தொடுவானேன் என்ற கொள்கை. சோம்பலுக்கு நான் வைத்திருக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று.

அக்காவின் கண் போகிறவரை அது வேலை செய்தது.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. நடுப் பார்வை போய், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சம். ஆள் வருவது தெரியும். யாரென்பது குரலில்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், திரையில் இருப்பதைக் கைபேசியே வாசித்துச் சொல்லும்படி அமைத்துக் கொடுத்து, விரலை எப்படி நகர்த்துவது என்று மூன்று நாள் பழக்கத் தயாராக இருந்தார். அக்கா ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். ஆனால் வாசிக்கச் சொன்னால், நான் மாட்டி வைத்ததைத்தானே அது வாசிக்கும். தேதிப் பக்கம் இன்னும் மோசம். புக்காகிப் போன மணவறைக்குச் சிவப்புக் கட்டம், இருக்கும் மணவறைக்குப் பச்சைக் கட்டம் என்று வைத்திருந்தேன். கட்டத்துக்குள் ஒரு எழுத்து கிடையாது. கைபேசி அந்தப் பக்கத்தில் வாயே திறக்கவில்லை.

சில மாதம் அக்கா எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சமாளித்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயில் மணவறை கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கும் சுபாங் ஜெயாவில் ஒரு கல்யாணத்துக்கும் சேர்ந்தே போவதாக இருந்தது. மயில் ஒன்றுதான். அண்ணன் சுபாங் ஜெயாக்காரர்களிடம் கைகூப்பி, வேறொன்றை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தார். யாரும் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவர் சொன்னாராம்: "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு லா."

ஒருவரை வேலையை விட்டுத் தூக்க நம்மிடம் இருக்கும் மிக மரியாதையான சொல் அது. அண்ணன் கெட்டவர் இல்லை. அவருடைய அண்ணன் மகள் சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். இணையதளமே வேண்டாம், சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் திறந்து படம் போட்டுப் புக்கிங் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் சித்தப்பா என்று சொல்லியிருக்கிறாள். ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்புகள் வருவதற்குள் பொறுப்பை மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதனால்தான் அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"இந்தக் கடையில நான் தூக்குற சாமான் ஒன்னும் இல்ல தம்பி. இந்த நாற்காலிதான் என் வேல. இதுலேர்ந்து எழுந்துட்டா வீட்ல போய் என்ன பண்றது, பேன் சுத்துறதக் கேட்டுக்கிட்டு ஒக்காரவா?" என்றார். பிறகு, "நீங்க போட்டதுதானே. நீங்கதான் சரி பண்ணணும்."

இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு, சீனியும் பாலும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங்கை அவருக்குத் துணையாகக் குடித்துவிட்டு, கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எப்போதும் படிக்கும் நாவலை அன்று பையிலிருந்து எடுக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் பழைய கோப்பைத் திறந்தேன். நான் நிறைய வாசிக்கிறவன். சிக்கலான நடை எழுதுகிறவர்களைப் பற்றி நண்பர்களிடம் கடுமையாகப் பேசியிருக்கிறேன். அந்தக் கோப்பைப் படித்த பிறகு அவர்கள் எல்லாரையும் மன்னித்துவிட்டேன். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் என்று பதினோரு அடுக்கு. தொலைபேசி எண்ணைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ள, கண்ணுக்குத் தெரியாத படங்களை வரிசையாக முட்டுக் கொடுத்திருந்தேன். நடுவில் எனக்கு நானே எழுதி வைத்த ஒரு குறிப்பு: "இதைத் தொடாதே. ஏன் என்று தெரியவில்லை, ஆனால் வேலை செய்கிறது."

என் மனைவி கணக்காசிரியை. காப்பியோடு பின்னால் வந்து நின்று அந்த வரியைப் படித்தாள்.

"யாரு பண்ண வேல இது?"

"ஒருத்தன். இப்பத் திருந்திட்டான்."

"எப்போ?" என்றாள்.

தளம் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் கருவிகள் உண்டு. அதில் கொடுத்துப் பார்த்தேன். பிழைகளின் பட்டியல் ஓடிய ஓட்டத்தில் என்னுடைய "வருக வருக" நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

விதி என்றதும் பெரிய சாஸ்திரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொருளை அதன் பெயரால் கூப்பிடு என்பதுதான் விஷயம். தலைப்பு என்றால் தலைப்பு என்று சொல். பெரிய சிவப்பு எழுத்து என்று சொல்லாதே. பட்டியல் என்றால் பட்டியல். பொத்தான் என்றால் பொத்தான். நிறமும் அளவும் தனிக் கோப்பில் இருக்கட்டும். பார்க்கிறவனுக்குப் பக்கமாகத் தெரியும். கேட்கிறவருக்கு, இது தலைப்பு, இதன் கீழே பத்தொன்பது மணவறை இருக்கிறது, வேண்டியதற்குத் தாவலாம் என்று கைபேசி சொல்லும். நாற்பத்து மூன்று படங்களில் இருபத்து நான்கு வெறும் எழுத்து. அவற்றை உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். நானே சிறைவைத்த வார்த்தைகளை நானே விடுதலை செய்வது போல ஒரு பெருமிதம் வந்தது. "எங்களைப் பற்றி"யில் மூன்று எழுத்துப்பிழை இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. கட்டம் என்பதைத் தேதிப் பக்கத்துக்கு மட்டும் விட்டுவைத்தேன். அங்கேயும் நிறத்தோடு சொல்லும் சேர்ந்தது: "இருக்கு", "போச்சு". அக்காவே கைபேசியிடம் பேசிப் பேசி தேதியையும் வரியையும் மாற்றிக்கொள்ளும்படி பெயரிட்ட பெட்டிகளோடு ஒரு பக்கமும் செய்தேன். குத்துவிளக்கும் நாதஸ்வரமும் போயின. மின்னிக்கொண்டிருந்த என் பெயரும் போயிற்று. அதை அழிக்க மட்டும் ஒரு நாள் அதிகம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கருவி ஒரு பச்சை வரி காட்டியது. பிழை எதுவும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பக்கத்தையும் பார்த்தாள். "முன்னாடி இருந்ததவிட ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கே," என்றாள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கிள்ளானுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அக்கா கைபேசியை எடுத்தார். விரல் நகர்ந்தது. தலைப்பு வந்தது, பட்டியல் வந்தது, தமிழ்க்குரல் தமிழாகவே பேசியது. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். அப்புறம் மணவறைப் படங்களுக்கு வந்தார். "மணவறை ஒன்று, படம். மணவறை இரண்டு, படம். மணவறை மூன்று, படம்."

அக்கா நிறுத்தினார்.

"இது என்ன தம்பி, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நம்பரா இருக்கு?"

பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் எதையுமே வைக்கவில்லை. கருவிக்கு அது போதும். வரி இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அக்காவுக்குப் போதாது. கூப்பிடுகிறவர்கள் யாரும் நம்பர் சொல்வதில்லை. "அந்த மேல தாமரை வெச்சது இருக்கே ஆன்டி" என்பார்கள். தாமரை எந்த நம்பர் என்று அக்காவுக்குக் கைபேசி சொல்ல வேண்டும். தாமரையைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் எழுதறேன்," என்றேன்.

கடைக்குப் பின்னால் ஸ்டோர். பத்தொன்பது மணவறையும் பிரித்துப் போட்ட நிலையில் சுவரோடு சாய்ந்து நின்றன. அக்கா ஒவ்வொன்றையும் கையால் தடவிக்கொண்டே வந்தார். நான் மடிக்கணினியை ஒரு சிம்மாசனத்தின் மேல் வைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து எழுதினேன்.

"மயில் மணவறை. தோகை விரிச்ச மயில் ரெண்டு. ஒன்ன ஒன்னு பாக்காது, பொண்ணு மாப்பிள்ளையத்தான் பாக்கும். பச்சைன்னா பாட்டில் பச்சை இல்ல, வெத்தலப் பச்சை. குள்ளமான பொண்ணா இருந்தா இது வேணாம், தோகை மறைச்சிடும்."

முதல் மூன்றை நான் என் இலக்கியத் தமிழுக்கு உயர்த்தி எழுதினேன். விரிந்த தோகையுடன் எழில் கொஞ்சும் என்று ஏதோ. கைபேசி வாசித்துக் காட்டியதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யாரு தம்பி இது? கும்பாபிஷேக நோட்டீஸா?" எழிலையும் கொஞ்சலையும் அழித்துவிட்டு, அவர் சொன்னதையே, எல்லாரும் படிக்கும்படி படத்துக்குக் கீழேயும், போட்டேன். முப்பது வருட வாசிப்பு அந்த ஸ்டோரில் எனக்கு உதவிய ஒரே விதம், எது நல்ல வரி என்று தெரிந்ததுதான்.

யானை மணவறைக்கு வந்தோம். "நாலு தூண், ரெண்டு யானை. தும்பிக்கையில தாமர மொட்டு. வலது பக்க யானைக்குத் தந்தம் பாதிதான். மால போட்டா தெரியாது."

லோரிக்குக் கயிறு எடுக்க வந்த அண்ணன் நின்றுவிட்டார். "அதெல்லாமா வெப்சைட்ல போடுவாங்க? பாஸ், எழுதாதீங்க லா."

"எழுதுங்க தம்பி," என்றார் அக்கா. "ரெண்டு வருஷமா ஒட்டுங்க ஒட்டுங்கன்னு சொல்றேன். ஊரு சொன்னாலாவது ஒட்டுவாரு."

யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எழுதினேன்.

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். வரும் சனிக்கிழமை முழுக்க எல்லா அழைப்பையும் அக்காவே எடுக்கட்டும். அவர் தன்னுடைய நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்து சரிபார்ப்பார். ஒரு தப்பு வந்தாலும் புக்கிங் எல்லாம் சுபாங் ஜெயாவுக்கு. அக்கா சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். கடைப் போன் அடிக்கும். அக்கா ஒரு காதில் அதையும், இன்னொரு காதில் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியையும் வைத்துக்கொள்வார். வாசிக்கும் வேகத்தைக் கூட்டியிருந்தார்; எனக்கு அது நெல் அளக்கும் சத்தம் போலத்தான் கேட்டது. அவருக்குப் புரிந்தது. நாலு அழைப்பு, நாலும் சரி. அண்ணன் நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டார். ஐந்தாவது அழைப்பு, பந்திங் ஊரிலிருந்து ஓர் அம்மா. மகளுக்குக் கல்யாணம், தாமரை மணவறை வேண்டும், ஆவணியில் இரண்டாவது ஞாயிறு. அக்காவின் விரல் தேதிப் பக்கத்தில் ஓடி நின்றது. "தாமரை, இருக்கு" என்றது கைபேசி.

"இருக்கும்மா," என்றார் அக்கா.

எதிரே அண்ணன் இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருந்தது: "அது போயிடுச்சு."

அக்கா பந்திங் அம்மாவை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, போனைக் கையால் மூடினார். "எப்போ போச்சு?"

"போன வாரம். கேரி தீவுல ஒருத்தர் கேட்டாரு. சரின்னுட்டேன்."

"கேரி தீவுக்கு சாவு வீட்டுக்குத்தானே போனீங்க?"

"சாவு வீட்லதான் கேட்டாரு."

"நோட்ல இருக்கா?"

அண்ணன் நோட்டைப் புரட்டினார். புரட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் புரட்டினார். நாற்பது வருடமாக அவர் கேட்ட யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை; வாய்வார்த்தையிலேயே சரி என்றுவிடுவார். அது அவருடைய நல்ல குணம் என்று ஊரே சொல்லும்.

"இல்ல," என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க வேணா கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்," என்றார்.

பிறகு போனை எடுத்து, மன்னிக்கணும்மா, வீட்டுக்காரர் வேறொருவருக்குச் சொல்லிவிட்டார், தாமரை வேண்டுமென்றால் யானையில் மொட்டு இருக்கிறது என்று ஆரம்பித்து, கைபேசி காதில் சொல்லச் சொல்ல அதை அப்படியே சொன்னார். தும்பிக்கை, மொட்டு, நாலு தூண், பாதித் தந்தம், மாலை போட்டால் தெரியாது. பந்திங் அம்மா சிரித்தது எங்களுக்கே கேட்டது. குறையைச் சொல்லிக் கொடுக்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன், யானையையே போடுங்கள் என்றாராம். அக்கா அங்கேயே, பேசிப் பேசியே, யானையைப் "போச்சு" ஆக்கினார். கையோடு தாமரையையும் ஆக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயில் இரண்டு கல்யாணத்துக்குப் போவதாக ஆனது யார் வாய்வார்த்தையால் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் தானாகவே எழுந்து வெளியே போய், நன்றாக இருந்த லோரி டயரை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் நோட்டை அக்காவின் மேசைமேல் வைத்தார். "இதுல இருக்கறதையும் ஏத்திக்க," என்றார். சுபாங் ஜெயா பேச்சு அதோடு முடிந்தது.

இது நடந்து ஐந்து வாரம் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து வேறொருவருடைய தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சும்மா அக்காவின் தளத்தைத் திறந்தேன். சும்மா என்பது பொய்; தினமும் ஒரு தடவை திறப்பேன். யானை மணவறைக்கு வந்ததும் கை நின்றது. வரி மாறியிருந்தது. "ரெண்டு யானைக்கும் தந்தம் முழுசா இருக்கு. வலது பக்கம் ஒட்டினது. பந்திங் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒட்டினாரு."

நான் மாற்றவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்கா அந்தப் பக்கத்தைத் தானே திறந்து, பேசி, சேமித்திருக்கிறார். பயந்துகொண்டே உள்ளே குறியீட்டைப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. சோதிக்கும் கருவியில் போட்டேன். அதே பச்சை வரி.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தத் தடவை அவள் முழுவதும் படித்தாள். மயிலையும் படித்தாள். வெற்றிலைப் பச்சையில் கொஞ்சம் நின்றாள்.

"அப்ப அவங்களுக்கு இனிமே நீங்க தேவையில்லன்னு சொல்லுங்க," என்றாள்.

"ஆமா," என்றேன். "ஒரு வரிக்குக்கூடத் தேவையில்ல."

நான் அதைப் பெருமையோடு சொன்ன குரலைக் கேட்டு, காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.